எம்டன் கேப்டனின் ஐந்தொகை

"அவுக அப்பச்சி ஒரு எம்டன்ப்பா!"

கல்லல், காரைக்குடிப் பக்கம் இப்படி ஒருத்தர் சொன்னால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. கறாரான ஆள், ஏமாற்ற முடியாத ஆள், எப்போ எந்தப் பக்கம் இருந்து வந்து நிற்பார் என்று தெரியாத ஆள். இத்தனையும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. தமிழ்நாடு முழுக்க இதே பொருள்தான். யாழ்ப்பாணத்திலும் உண்டு. 2006-ல் 'எம்டன் மகன்' என்று ஒரு படத்துக்குப் பெயர் வைத்தார்கள். தமிழில் பெயர் வைத்தால் வரிவிலக்கு என்று அரசு சொன்னதும் அது 'எம் மகன்' ஆகிவிட்டது. நம்ம ஊர் அப்பாக்களின் பட்டப்பெயர் தமிழ்ச் சொல் இல்லை, ஜெர்மனியில் இருக்கும் ஒரு ஊரின் பெயர் என்று பலருக்கு அப்போதுதான் தெரிய வந்தது.

அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் 1914-ல் வங்கக் கடலுக்குள் வந்தது. வந்து, போய், அழிந்ததெல்லாம் மூன்று மாதத்துக்குள். ஆனால் அதைப் பற்றிச் சினிமா எடுப்பது நூறு வருடத்துக்கு நிற்கவில்லை. 1915-லேயே ஆஸ்திரேலியாவில் ஒரு மௌனப் படம். 1926-ல் ஜெர்மனியில் லூயிஸ் ரால்ஃப் என்பவர் எடுத்த 'உன்ஸெரெ எம்டன்', அதாவது 'நம்ம எம்டன்'. 1932-ல் அதே இயக்குநர் அதைப் பேசும் படமாகக் கொடுத்தார். 2012-ல் பெரெங்கார் ஃபால் இயக்கத்தில் 'எம்டனின் ஆட்கள்' என்ற பொருள்படும் ஜெர்மன் படம்.

கடல் போர்ப் படங்களில் வீரத்துக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. கேப்டன் மேல்தளத்தில் நிற்பார், தொலைநோக்கி கையில் இருக்கும், குண்டு விழும், அவர் அசையமாட்டார். எம்டன் கதையில் இதெல்லாம் நிஜமாகவே நடந்தது. ஆனால் அந்தக் கேப்டனின் தலைமை எங்கே இருந்தது என்று தேடிப் பார்த்தால், குண்டு விழும் இடத்தில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி கணக்கில் இருக்கிறது. நம்ம செட்டிநாட்டுக்காரர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும் வகைக் கணக்கு.

நிலக்கரிதான் முதல்

கப்பல் 1908-ல் டான்சிக்கில் நீரில் இறக்கப்பட்டது. சிறிய குரூசர். 105 மில்லிமீட்டர் பீரங்கிகள் பத்து. அன்றைய கணக்கிலேயே இது பெரிய ஆயுதம் இல்லை. சீனாவில் ஜெர்மனி வைத்திருந்த சிங்டாவ் துறைமுகம்தான் அதன் இருப்பிடம். 1913-ல் கார்ல் ஃபான் முல்லர் அதற்குக் கேப்டனாக வந்தார். அதிகம் பேசாத மனிதர். முன்பு கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியில் இருந்தபோது பிடித்த மலேரியா உடம்பை விட்டுப் போகவே இல்லை.

போர் தொடங்கிய ஆகஸ்டில், ஜெர்மனியின் கிழக்காசியக் கப்பல்படை பசிபிக்கில் பாகன் என்ற தீவில் கூடியது. தளபதி அட்மிரல் ஃபான் ஷ்பே தன் கேப்டன்களிடம் கருத்துக் கேட்டார். எல்லோரும் சேர்ந்து தென் அமெரிக்கப் பக்கம் போவது என்று முடிவானது. காரணம் நிலக்கரி. இந்தியப் பெருங்கடலில் ஜெர்மனிக்கு ஒரு துறைமுகம்கூடக் கிடையாது. இத்தனை கப்பலுக்கும் அடுப்பெரிக்கக் கரி எங்கே கிடைக்கும்?

முல்லர் சொன்ன யோசனை வேறு. படை முழுவதுக்கும் கரி கிடைக்காது, சரி. ஒரே ஒரு கப்பலுக்குக் கிடைக்குமே? எதிரியின் கரிக்கப்பலைப் பிடித்து அதிலேயே ஓட்டிக்கொள்ளலாமே? ஷ்பே ஒப்புக்கொண்டார். மார்கோமன்னியா என்ற ஒரு கரிக்கப்பலைத் துணைக்குக் கொடுத்து அனுப்பிவைத்தார். அதன் பிறகு இருவரும் சந்திக்கவில்லை. அந்த டிசம்பரில் ஃபாக்லந்து தீவுகள் அருகே ஷ்பேயும் அவரது படையின் பெரும்பகுதியும் மூழ்கிப்போயின.

வட்டிக்கடையில் முதல் எவ்வளவு, அது தீர்ந்தால் அடுத்த முதல் எங்கிருந்து வரும் என்று தெரியாமல் யாரும் ரங்கூனுக்குக் கப்பல் ஏறியதில்லை. முல்லருக்கும் அதே புத்திதான். எம்டனின் வயிற்றில் ஓர் அளவுக்குத்தான் கரி பிடிக்கும். வேகமாக ஓடினால் சில நாளில் காலி. அதனால் மெதுவாகவே ஓடினார். பிடித்த கப்பலில் கரி இருந்தால் மூழ்கடிக்காமல் கூடவே வைத்துக்கொண்டார். பியூரெஸ்க் என்ற பிரிட்டிஷ் கப்பல் ஆறாயிரம் டன்னுக்கு மேல் நல்ல கார்டிஃப் கரியோடு மாட்டியபோது, நடமாடும் கிட்டங்கியே கிடைத்த மாதிரி ஆயிற்று. வெப்பக் கடலின் நடுவே, ஆடும் இரண்டு கப்பலுக்கு இடையே, மாலுமிகள் மூட்டை மூட்டையாகக் கரியைத் தோளில் சுமந்து ஏற்றினார்கள். மூன்று மாதத்தில் அவர்கள் செய்த வேலையில் பெரும்பகுதி இதுதான். எந்தப் படத்திலும் இதற்குச் சில நொடிக்கு மேல் கிடைக்காது.

இன்னொரு தந்திரமும் செய்தார்கள். எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. இந்தப் பக்கம் சுற்றும் பிரிட்டிஷ் குரூசர் யார்மத்துக்கு நான்கு. துணைக் கேப்டன் ஹெல்முத் ஃபான் முக்கே யோசனைப்படி மரமும் கித்தானும் வைத்து நாலாவது புகைபோக்கி ஒன்றைக் கட்டி நிறுத்தினார்கள். 'எம்டன்' என்ற சொல்லில் ஏமாற்றுத்தனம் ஒட்டிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வங்கக் கடலில் ஒரு வாரம்

1914 செப்டம்பர் 10 முதல் ஒரு வாரத்துக்குள், கல்கத்தாவில் இருந்து கொழும்பு போகும் கடல்வழியில் இன்டஸ், லோவாட், கில்லின், டிப்ளமாட், டிராபாக், கிளான் மேத்தசன் என்று வரிசையாகக் கப்பல்கள் மூழ்கின. முறை ஒன்றேதான். நிறுத்தச் சொல்வது, ஆட்களை இறக்குவது, பிறகு கப்பலை மூழ்கடிப்பது. கபிங்கா என்ற கப்பலை மட்டும் விட்டுவிட்டார்கள். அதில் இருந்தது அமெரிக்கர்களின் சரக்கு. தவிர, கேப்டனின் மனைவியும் குழந்தையும் கப்பலில் இருந்தார்கள். அதுவரை பிடித்த எல்லாக் கைதிகளையும் அதில் ஏற்றி அனுப்பினார் முல்லர். போகும்போது அந்தக் கைதிகள் எம்டனைப் பார்த்து மூன்று முறை ஆரவாரம் செய்துவிட்டுப் போனார்கள். தன் கப்பலை மூழ்கடித்தவனுக்கு வாழ்த்து!

இதில் நம்ம பக்கத்துக்கு என்ன என்று கேட்கலாம். கல்லலில் கடல் இல்லை. காரைக்குடிக்கும் சிவகங்கைக்கும் நடுவே, வானம் பார்த்த மண். ஆனால் இந்த வட்டாரத்தின் பொழைப்பு அன்று கடலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. ரங்கூன் முகல் தெருவிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஊரில் பாதி ஆண்கள் அக்கரையில். அரிசி, தேக்கு, சீமெண்ணெய் எல்லாம் பர்மாவில் இருந்து வந்தது. கடிதமும் கணக்கும் ஆளும் எல்லாம் போய்வந்தது பி.ஐ. கம்பெனிக் கப்பல்களில். கிளான் மேத்தசன் மூழ்கிய சமயத்தில் வங்கக் கடல் வழியே நிறுத்திவைக்கப்பட்டது. துறைமுகங்களில் கப்பல்கள் காத்துக்கிடந்தன. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. ஒரு சின்னக் கப்பல் எங்கே இருக்கிறது என்று தெரியாததாலேயே ஒரு கடல் மூடிக்கொண்டது. முல்லரின் உண்மையான ஆயுதம் அந்தப் பத்துப் பீரங்கி இல்லை, இந்த 'எங்கே இருக்கிறான்?' என்ற கேள்விதான்.

மெட்ராஸ், நவராத்திரி நேரம்

ஆனந்த வருடம் புரட்டாசி. 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை வாக்கு. நவராத்திரி நாள்கள். மெட்ராஸ் துறைமுகத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அப்போது கலங்கரை விளக்கம் இருந்தது ஹைகோர்ட் கட்டடத்தின் கோபுரத்தில். அதுவும் எரிந்தது. கரைக்குச் சில கிலோமீட்டர் தூரம் வரை எம்டன் வந்து நின்று, தேடுவிளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகளைப் பார்த்துச் சுட்டது. சுமார் 130 குண்டுகள். டாங்குகள் பற்றி எரிந்தன. கரையில் இருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டதில் ஒன்றுகூட எம்டன் மேல் படவில்லை. அதற்குள் அது விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டது.

ஊரில் பீதி. ரயில் கிடைத்தவர்கள் ரயிலிலும், கிடைக்காதவர்கள் வண்டியிலும் நடையிலுமாக ஆயிரக்கணக்கானவர்கள் மெட்ராஸை விட்டு வெளியேறினார்கள். 'எம்டன்' தமிழ்ச் சொல் ஆனது அந்த வாரத்தில்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் தாக்குதலின் நோக்கம் சேதம் மட்டும் இல்லை. இந்தியர்கள் கவனிக்க வேண்டும், ஆங்கிலேயர் வியாபாரம் குலைய வேண்டும், அவர்கள் கௌரவம் குறைய வேண்டும் என்பதற்காகச் செய்த ஒரு காட்சி என்று முல்லரே பின்னால் தன் அறிக்கையில் குறித்திருக்கிறார். அந்த நோக்கம் நிறைவேறியது. வெள்ளைக்காரனைக் கடலில் ஒருத்தன் அடிக்க முடியும் என்று ஊர் பார்த்துவிட்டது.

ஆனால் பற்றுப் பக்கத்தையும் எழுத வேண்டும். எம்டன் பிடித்த இருபதுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்களில் ஒரு உயிர்கூடப் போகவில்லை என்பது முல்லரைப் பற்றி எல்லோரும் சொல்லும் பெருமை. அது உண்மை. மெட்ராஸ் துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற கப்பல் அந்தப் பட்டியலில் வராது, ஏன் என்றால் அதை அவர் 'பிடிக்கவில்லை'. அது குறியும் இல்லை. டாங்குகளுக்குப் பக்கத்தில் நின்றது, அவ்வளவுதான். அதிலும் கரையிலுமாக ஐந்து பேருக்குக் குறையாமல் செத்தார்கள், காயம் பட்டவர்கள் இன்னும் பலர். இன்றும் ஹைகோர்ட் மதிலில் எம்டன் குண்டு விழுந்த இடம் என்று கல்வெட்டு இருக்கிறது. கோட்டை அருங்காட்சியகத்தில் குண்டுத் துண்டு இருக்கிறது. குண்டு விழுந்த இடத்தை நினைவு வைத்திருக்கிறோம், விழுந்த ஆட்களை இல்லை.

செண்பகராமன் கப்பலில் இருந்தாரா?

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடணும். எம்டன் என்றாலே நம்ம ஊரில் "அதில் செண்பகராமன் பிள்ளை இருந்தார், அவர்தான் வழி காட்டினார்" என்ற பேச்சு வரும். பாடப்புத்தகத் தோரணையில் எழுதியவர்களும் உண்டு. செண்பகராமன் பெரிய ஆள், சந்தேகமே இல்லை. ஆனால் 1914 செப்டம்பரில் அவர் இருந்தது ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச்சில். அங்கே இந்தியாவுக்கு ஆதரவான குழு ஒன்றை நடத்திக்கொண்டு, ஜெர்மன் தூதரகத்தோடு பேச்சு நடத்திக்கொண்டிருந்தார். பிறகு பெர்லின் போனார். எம்டனோ சீனாவில் இருந்து புறப்பட்டு பசிபிக் வழியாக வந்த கப்பல். வழியில் ஐரோப்பாவுக்குப் போய் ஆள் ஏற்றிக்கொள்ள அதற்கு நேரமும் இல்லை, கரியும் இல்லை.

இந்தக் கதை ஏன் பிறந்தது என்பது புரிந்துகொள்ள முடியாத ஒன்றில்லை. நம்ம கடலில் இவ்வளவு பெரிய துணிச்சல் நடந்திருக்கிறது, அதில் நம்மாள் ஒருத்தர் இருந்திருக்க வேண்டாமா என்ற ஏக்கம். சினிமா செய்வதும் இதே வேலைதான். யாருடைய வீரமாக இருந்தாலும் அதில் நம்மை ஏற்றிக்கொள்வது.

பினாங்கு: மன்னிப்புக் கேட்ட கேப்டன்

மெட்ராஸில் இருந்து எம்டன் இலங்கையைச் சுற்றி மினிக்காய் பக்கம் போனது. அங்கும் வேட்டை. நடுவே டியேகோ கார்சியா தீவில் ஒதுங்கியபோது, அங்கிருந்தவர்களுக்குப் போர் நடப்பதே தெரியாது. ஜெர்மானியர்களும் சொல்லவில்லை. பதிலாக உள்ளூர்க்காரர் ஒருவரின் பழுதான மோட்டார் படகைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தார்கள். அக்டோபர் நடுவில், தீபாவளியை ஒட்டிய நாள்களில், மறுபடியும் மினிக்காய் அருகே ஏழு கப்பல்களைப் பிடித்தார்கள். மூழ்கியவற்றில் சில்கானா என்ற பி.ஐ. கப்பலும் ஒன்று.

அக்டோபர் 28 விடியற்காலை, நாலாவது புகைபோக்கியோடு பினாங்கு துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்தது எம்டன். பினாங்கு வீதியில் செட்டியார் கிட்டங்கிகள் இருக்கும் இடத்துக்கும் துறைமுகத்துக்கும் கூப்பிடு தூரம். உள்ளே ரஷ்யக் குரூசர் ழெம்சுக் நின்றது. அதன் கேப்டன் கரையில் இருந்தார். காவல் சரியில்லை. எம்டன் நெருங்கி வந்து, நிஜக் கொடியை ஏற்றி, டார்பிடோவை விட்டது. ழெம்சுக் உடைந்து மூழ்கியது. எண்பதுக்கு மேற்பட்ட ரஷ்ய மாலுமிகள் செத்தார்கள். ஒரு கப்பலின் தலைவன் கப்பலில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான பாடம் கிடையாது. அந்தக் கேப்டனைப் பிறகு ராணுவ நீதிமன்றம் தண்டித்தது.

வெளியே வரும்போது நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அரை இருட்டில் ஒரு சிறு படகைப் போர்ப்படகு என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள். அது ஆயுதம் இல்லாத அரசாங்கப் படகு. பிறகு கிளென்டர்ரட் என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தபோது, அதை மூழ்கடிக்காமல் விட்டு, அதன் கேப்டனிடம் ஒரு செய்தி சொல்லி அனுப்பினார் முல்லர். ஆயுதமில்லாத படகைச் சுட்டதற்கு வருந்துகிறேன், ழெம்சுக்கில் தத்தளித்தவர்களைக் காப்பாற்ற நிற்க முடியாததற்கும் வருந்துகிறேன் என்பது செய்தியின் சாரம்.

சற்று நேரத்தில் மூஸ்கே என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் எதிரே வந்தது. சிறியது. சில நிமிடத்தில் மூழ்கியது. இந்த முறை முல்லர் நின்றார். எந்த நேரமும் இன்னொரு எதிரிக்கப்பல் துரத்தி வரலாம் என்ற நிலையில் படகுகளை இறக்கி, 36 பிரெஞ்சு மாலுமிகளைத் தண்ணீரில் இருந்து எடுத்தார். இரண்டு நாள் கழித்து வேறொரு கப்பலை மறித்து, அதை விட்டுவிடும் நிபந்தனையோடு அவர்களை மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. டார்பிடோ விட்டது துணிச்சல். ஆனால் திட்டமிட்டுச் செய்த துணிச்சல். தப்பிக்க வேண்டிய நேரத்தில் எஞ்சினை நிறுத்தியது வேறு ரகம். முன்னதில் லாபம் இருந்தது. பின்னதில் நஷ்டம் மட்டும்தான் சாத்தியம். தலைமை என்று நான் சொல்ல நினைப்பது இந்த இரண்டாவதை.

கொக்கோஸ்: 11:20 முதல் மாலை வரை

நவம்பர் 9. இந்தியப் பெருங்கடலின் நடுவே கொக்கோஸ் தீவுகள். அங்கே ஆஸ்திரேலியாவை இணைக்கும் கடலடித் தந்தி நிலையம். அதை உடைக்க முக்கே தலைமையில் ஐம்பது பேரைக் கரைக்கு அனுப்பினார் முல்லர். நிலையத்து ஆட்கள் எதிர்க்கவில்லை. கம்பத்தைச் சாய்க்கும்போது எங்கள் டென்னிஸ் மைதானத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டார்கள். முக்கேவும் அப்படியே செய்தார்.

ஆனால் ஜெர்மானியர்கள் இறங்குவதற்கு முன்பே நிலையத்தார் கம்பியில்லாத் தந்தியில் உதவி கேட்டுவிட்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட கப்பல்களில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய அணிவகுப்பு அன்று காலை பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தது. அதற்குக் காவலாக வந்த சிட்னி என்ற குரூசர் கிளம்பி, இரண்டே கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தது. சிட்னியின் பீரங்கி 152 மில்லிமீட்டர். எம்டனைவிடத் தூரமும் அதிகம், குண்டின் எடையும் அதிகம், வேகமும் அதிகம். கரைக்குப் போனவர்களை ஏற்ற நேரமில்லாமல் முல்லர் கிளம்பினார்.

முதல் சில நிமிடம் எம்டன் நன்றாகவே அடித்தது. பிறகு கணக்கு தன் வேலையைக் காட்டியது. புகைபோக்கிகள் சாய்ந்தன, பீரங்கிகள் ஒவ்வொன்றாக வாயடைத்தன. காலை 11:20-க்கு, கப்பல் மூழ்கினால் மிச்சம் இருப்பவர்களும் போய்விடுவார்கள் என்று, முல்லர் எம்டனை வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறை மேல் ஏற்றி நிறுத்தினார். அது சரியான முடிவு. இதுவரைக்கும் படம் ஓடும்.

இதற்குப் பிறகு நடந்ததைப் படங்கள் சீக்கிரம் கடந்துவிடும். சிட்னி, தப்பி ஓடிய கரிக்கப்பல் பியூரெஸ்க்கைத் துரத்திப் போனது. மாலை நாலு மணி வாக்கில் திரும்பி வந்தபோது, உடைந்து கிடந்த எம்டனின் கம்பத்தில் ஜெர்மன் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. சரணடைகிறீர்களா என்று சிட்னியின் கேப்டன் ஜான் கிளாசப் சமிக்ஞையில் கேட்டார். சமிக்ஞைப் புத்தகம் இல்லை, புரியவில்லை என்று பதில் வந்தது. எதிரி கையில் சிக்கக் கூடாது என்று புத்தகங்களை ஏற்கனவே அழித்திருந்தார்கள். பியூரெஸ்க்கில் பிடிபட்ட ஜெர்மன் அதிகாரியிடம் கிளாசப் கேட்டதற்கு, எங்கள் கேப்டன் சரணடையமாட்டார் என்ற தொனியில் பதில் கிடைத்தது. கொடி பறக்கிறவரை போர் முடியவில்லை என்பது கடல் விதி. கிளாசப் மறுபடியும் சுட உத்தரவிட்டார். திருப்பிச் சுட ஒரு பீரங்கிகூட இல்லாத கப்பல் மேல், காயம்பட்டவர்கள் படுத்திருந்த தளங்கள் மேல், குண்டுகள் விழுந்தன. சில நிமிடம் கழித்துக் கொடி இறங்கியது, வெள்ளைத்துணி தெரிந்தது. காயம்பட்டவர்களை ஏற்ற சிட்னி திரும்பி வந்தது மறுநாள்தான். நீந்திக் கரையேறியவர்கள் ஆளில்லாத தீவில் தண்ணீர் இல்லாமல் ஒரு இரவு கிடந்தார்கள்.

எம்டனில் செத்தவர்கள் 130-க்கும் மேல். சிட்னியில் நான்கு பேர்.

காலை முழுக்கக் கப்பலைக் காப்பாற்றக் கணக்குப் போட்ட மனிதர், 11:20-க்குக் கப்பலைவிட ஆட்கள் முக்கியம் என்று முடிவெடுத்த மனிதர், அந்தக் கொடியை மாலைவரை ஏன் இறக்கவில்லை? இறக்கியிருந்தால் இரண்டாவது முறை குண்டு விழுந்திருக்காது. இது முல்லரின் ஐந்தொகையில் பற்றுப் பக்கம் எழுத வேண்டிய பெரிய தொகை. கிளாசப் கணக்கிலும் ஒரு பங்கு வரும். ஆனால் கொடி முல்லருடையது. 'கொடியை இறக்காத வீரன்' என்று ஒரு படத்துக்குப் பெயர் வைக்கலாம், அரங்கு கைதட்டும். கீழ்த்தளத்தில் படுத்திருந்தவன் கை தட்டியிருக்கமாட்டான்.

ஒரே படச்சுருள், இரண்டு நாடு

சினிமா இதை எப்படிக் கையாண்டது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1926-ல் வந்த ஜெர்மன் படத்தை ஆஸ்திரேலியாவில் வெளியிட வாங்கினார்கள். சிட்னி கப்பல் வரும் காட்சிகள் அவர்களுக்குச் சரிப்படவில்லை. கென் ஜி. ஹால் என்ற இளைஞர், கடற்படை உதவியோடு, நிஜ சிட்னி கப்பலிலேயே அதன் மாலுமிகளை வைத்துப் புதிய காட்சிகள் எடுத்து, ஜெர்மன் காட்சிகளோடு ஒட்டி 1928-ல் வெளியிட்டார். ஜெர்மனியில் அது தோற்றவர்களின் வீரக்கதை. ஆஸ்திரேலியாவில் அதே சுருளில் பாதி, வென்றவர்களின் வீரக்கதை. எம்டன் மாலுமி இரண்டு படத்திலும் அதே முகத்தோடுதான் சாகிறான். (இந்த ஹால்தான் பிறகு ஆஸ்திரேலிய சினிமாவின் பெரிய பெயர்களில் ஒருவர் ஆனார். அவர் தயாரித்த ஒரு போர்ச் செய்திப்படம் ஆஸ்கரும் வாங்கியது.)

2012 படம் வேறு வழி எடுத்தது. கொக்கோஸில் கரையில் விடப்பட்ட முக்கேயின் ஐம்பது பேர், ஆயிஷா என்ற 97 டன் பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு சுமத்ராவின் பாடாங் போய், அங்கிருந்து வேறு கப்பலில் அரேபியா போய், பாலைவனம் தாண்டி 1915 மே மாதம் கான்ஸ்டான்டிநோபிள் சேர்ந்தார்கள். சாகசம் என்றால் அதுதான். படத்துக்கு ஏற்ற கதையும் அதுதான். முக்கே திரும்பி வந்த கையோடு இரண்டு புத்தகங்கள் எழுதினார், நன்றாக விற்றன.

முல்லர் எதுவும் எழுதவில்லை. மால்டாவில் கைதி, பிறகு இங்கிலாந்தில் கைதி. 1917-ல் முகாமில் இருந்து சுரங்கம் தோண்டி இருபதுக்கும் மேற்பட்டவர்களோடு தப்பினார், பிடிபட்டார். மலேரியா முற்றியதால் 1918-ல் விடுவிக்கப்பட்டார். ஜெர்மனியின் உயர்ந்த ராணுவ விருது கிடைத்தது. புத்தகம் எழுதச் சொல்லிக் கேட்டவர்களிடம், தன் ஆட்களின் ரத்தத்தில் காசு பார்க்கும் எண்ணம் தனக்கு இல்லை என்று மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள். 1923 மார்ச்சில், ஐம்பது வயது ஆகும் முன்பே, செத்துப்போனார்.

தன் கணக்கின் இரண்டு பக்கமும் அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். மன்னிப்புச் செய்தி அனுப்பத் தெரிந்த ஒருவருக்குக் கொக்கோஸ் மாலையை ஒரு சாகசமாக எழுத வந்திருக்காது.

கடைசியாக

இந்தப் படங்களைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு யோசனை. குண்டு வெடிக்கும் காட்சியில் கேப்டனைப் பார்க்காதீங்க, அங்கே எல்லாக் கேப்டன்களும் ஒரே மாதிரிதான் நிற்பார்கள். கரி தீரும்போது என்ன செய்கிறார், எதிரி தண்ணீரில் கிடக்கும்போது என்ன செய்கிறார், தோற்றது உறுதியான பிறகு கொடியை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறார், இந்த மூன்றையும் பாருங்க. முல்லர் முதல் இரண்டில் மிக உயரத்தில் இருக்கிறார். மூன்றாவதில் இல்லை. மூன்றையும் சேர்த்து எழுதினால்தான் அவர் மனிதராகத் தெரிகிறார்.

செட்டிநாட்டு வாசகர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். கல்லல், தேவகோட்டை, காரைக்குடிப் பெரிய வீடுகளின் இரட்டைக் கதவு அறைகளில் ரங்கூன், பினாங்குக் கணக்கேடுகளும் கடிதக் கட்டுகளும் இன்னும் இருக்கின்றன. பழைய காகிதம் என்று எடைக்குப் போடுவதற்கு முன்னால், ஆனந்த வருடம் ஆவணி முதல் ஐப்பசி வரை உள்ள பக்கங்களை மட்டும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கப்பல் வராததால் நின்ற வரவு, தாமதமான உண்டியல், ஊருக்கு வர முடியாமல் பினாங்கில் தங்கிவிட்ட ஒரு அடுத்தாள், ஏறிய அரிசி விலை, ஏதாவது ஒரு வரி இருக்கலாம். ஜெர்மனிக்காரன் கணக்கும் ஆஸ்திரேலியாக்காரன் கணக்கும் படமாகவே வந்துவிட்டது. அந்தக் கடலை நம்பிப் பொழைத்த நம்ம ஊர்க் கணக்கு இன்னும் பேரேட்டில்தான் இருக்கிறது. கிடைத்தால் சொல்லுங்கள், அடுத்த குறிப்பில் எழுதலாம்.